அழுகிறவர்களின் இடம்

படிப்பக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் கேலிக்குத்தான் வைத்தார். அவள் போகும் கிறிஸ்தவ சபையில் அவர் மூப்பர், மூத்த நிர்வாகி. ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடைக்காரர். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, தபாலில் வரும் இறையியல் பாடத்தை உட்கார்ந்து படிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், "அப்படியா சங்கதி! இனிமே படிப்பக்கான்னுதான் கூப்பிடணும்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றார்கள். மறுத்துச் சொல்லத் தெம்பில்லாமல் அவளும் விட்டுவிட்டாள்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, இரத்தக்கறை பட்டதைத் தனியே, தொற்றுநோய் வார்டுத் துணியைத் தனியே போட வேண்டும். துவைத்து வந்த ஈர விரிப்புகளை, சுழலும் சூட்டு உருளைக்குள் இரண்டு பேர் ஓரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். மறுபுறம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். எல்லாம் நின்றபடி. ரப்பர் பூட்ஸுக்குள் கால் வெந்துபோகும். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு கிடக்கும். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில், "வேலைய விட்டுட்டு எங்கூட வந்துடும்மா" என்பாள். "வந்து?" என்று இவள் கேட்பாள். பேச்சு அதோடு நின்றுபோகும்.

கணவர் இருந்தவரை சாயங்காலங்களுக்கு ஒரு வேலை இருந்தது. அவர் பேசுவார், இவள் கேட்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பிள்ளைகள் சொன்னதையெல்லாம் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவார். அவர் மாரடைப்பில் போன பிறகு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்தான் பேச்சு. அப்போதுதான் அஞ்சல் வழிப் படிப்புக்குப் பணம் கட்டினாள். முதலில் வந்த பாடம் ஆதித் திருச்சபையின் நம்பிக்கைகளும் நடைமுறைகளும் பற்றியது. அதை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்றுதான் இருந்தாள். போகவே இல்லை. அந்த முதல் முந்நூறு வருஷத்திலேயே குடியிருந்துவிட்டாள்.

அவர்களுக்குக் கோயில் கட்டடம் இல்லை, யார் வீட்டிலாவது கூடினார்கள் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. எஜமானியும் அடிமைப் பெண்ணும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள் என்பது பிடித்திருந்தது. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவனைச் சட்டென்று தண்ணீரில் முக்கிவிடாமல், இரண்டு மூன்று வருஷம் காக்கவைத்து, விதவைகளைப் போய்ப் பார்த்தானா, நோயாளிகளைக் கவனித்தானா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகே சேர்த்துக்கொண்டார்கள் என்பதும் பிடித்திருந்தது. எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றுதான்: அவர்களும் சண்டைக்காரர்கள். எந்த நாளில் உபவாசம், யார் முதலில் சாப்பிடுவது, யார் யாரை மதிக்கவில்லை என்று சதா மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நம் சபை ஒன்றும் புதிதாகக் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

ஏனென்றால் அவளுடைய சபையும் ஒரு முறை உடைந்த சபைதான்.

உடைந்தது ஒரு கோப்பையால். திருவிருந்தில் அப்பத்தோடு தரும் திராட்சரசத்தை எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கோப்பையா என்று பேச்சு வந்தது. ஊரெங்கும் காய்ச்சலாகக் கிடந்த ஒரு பருவம் அது. மூப்பர் சின்னக் கோப்பைகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். ஒரே பாத்திரம்தான் மரபு என்று எதிர்த்து எழுந்தவர், கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். அவர் வேறு யாருமில்லை, படிப்பக்காவின் சொந்தத் தங்கையின் புருஷன். இரண்டு பேருக்கும் கோப்பையைப் பற்றி அவ்வளவு அக்கறை இருந்ததாக யாரும் நம்பவில்லை. ஒரு உறையில் இரண்டு கத்தி. வெட்டிக்கொள்ள ஏதோ ஒரு சாக்கு. கடைசியில் ஒலிபெருக்கிக்காரர், சபையில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களையும், தன்னுடைய ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வெளியேறினார். டயர் கடை ஒன்றின் மாடியில் தனிக்கூட்டம் நடந்தது. இங்கே பழைய போதகர் மூன்று மாதம் மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்திப் பிரசங்கம் பண்ணினார்.

தங்கையும் புருஷனோடு போய்விட்டாள். போனது பெரிதில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டாள். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரிய அக்காதங்கை, கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் காய்கறி விலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அக்காவின் கணவர் இறந்தபோது தங்கை வரவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் செத்தவரைப் பார்த்தார்கள். மீதிப் பேர் தங்கை வருகிறாளா என்று வாசலைப் பார்த்தார்கள். அந்த நாளை இவள் மறக்கவில்லை. அதைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை.

எட்டொன்பது வருஷம் இப்படியே ஓடியது. ஒலிபெருக்கிக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நாக்கும் குழறியது. டயர் கடைக்காரர் கட்டடத்தை விற்றுவிட்டார். தலையும் இல்லை, தளமும் இல்லை என்றானதும் அந்தக் கூட்டம் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி சிதறியது. மிச்சமிருந்த இருபது பேர் பழைய சபைக்கே திரும்பி வர விரும்புகிறோம் என்று போதகருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

போதகர் புதியவர், வயதிலும் சின்னவர். சண்டை நடந்த காலத்தில் அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். "வரட்டுமே, நாற்காலி நிறைய சும்மாதானே கிடக்கு" என்றார். சபைக் கமிட்டி கொதித்தது. மூப்பர் எழுந்து, "நினைச்சா போறதுக்கும் நினைச்சா வர்றதுக்கும் இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்டார். முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமே என்று போதகர் ஒரு யோசனை சொன்னார்: விட்டுப்போனவர்கள் திரும்பி வந்தபோது ஆதித் திருச்சபை என்ன செய்தது என்று படிப்பக்கா எடுக்கும் புதன்கிழமை வேதபாட வகுப்பில் அவளே சொல்லட்டும், கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

அந்தப் புதன்கிழமை சலவைக்கூடத்தில் ஒரு இயந்திரம் பழுதாகி, மற்றவற்றில் இரட்டை வேலை. அவள் வகுப்புக்கு வந்தபோது கண்கள் எரிந்துகொண்டிருந்தன. வழக்கமாக ஏழெட்டுப் பேர் வரும் வகுப்பில் அன்று உட்கார இடமில்லை. எழுந்து நின்று, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

ரோமப் பேரரசன் ஒருவன் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டே ஆக வேண்டும் என்று கட்டளை போட்டதைச் சொன்னாள். பயந்துபோய்ப் பலியிட்டவர்கள் உண்டு. அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுத்து, பலியிட்டேன் என்று சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. மாட்டேன் என்று சிறைக்குப் போனவர்களும் உண்டு. உபத்திரவம் ஓய்ந்ததும், பலியிட்டு விசுவாசத்தை மறுதலித்தவர்கள் சபைக் கதவைத் தட்டினார்கள். சேர்க்கவே கூடாது என்றது ஒரு கட்சி. சேர்க்கலாம், ஆனால் மனந்திரும்புதலைக் காட்டட்டும் என்றது இன்னொரு கட்சி. பின்னாளில் சில ஊர்களில் அதற்குப் படிகள் வகுத்தார்கள். முதல் படியில் நிற்பவர்களுக்கு அழுகிறவர்கள் என்று பேர். அவர்களுடைய இடம் வாசலுக்கு வெளியே. வெயிலோ மழையோ அங்கே நின்று, உள்ளே போகிறவர்களிடம் எங்களுக்காக ஜெபியுங்கள் என்று கெஞ்ச வேண்டும். அடுத்த படியில் கதவுக்கு உள்ளே நின்று வசனம் கேட்கலாம். அதற்கும் அடுத்து, சபையோடு முழங்காலிடலாம். பிறகு கடைசி வரை நிற்கலாம், ஆனால் அப்பத்தைத் தொடக் கூடாது. இப்படி வருஷக்கணக்கில்.

இவ்வளவு சொன்னதும் அவளுக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்தாள். மேலே சொல்ல இன்னும் இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

மூப்பர் முன்னால் குனிந்தார். "அக்கா, அந்தப் படிப்படியா நிறுத்தினாங்கன்னு சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னாள். அவர் முகம் பூத்ததைப் பார்த்த பிறகுதான், சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டோம் என்று உறைத்தது.

"பாத்தீங்களா?" என்று மூப்பர் எழுந்தார். "நானா சொல்லல. ஆதித் திருச்சபை சொல்லுது. ஒரு மாசம் வெளிவராந்தா. அப்புறம் ஒரு மாசம் கடைசி வரிசைக்குப் பின்னாடி நிக்கட்டும். அப்புறம் திருவிருந்தப் பத்தி யோசிப்போம்."

"அது உசிருக்குப் பயந்து மறுதலிச்சவங்களுக்கு வச்சதுங்க," என்றாள் அவள். "இது கோப்பைச் சண்டை..."

அதைக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்கும் அளவில்தான் சொன்னாள். இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தியிருக்கலாம். உயர்த்தவில்லை. களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். களைப்பு உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. தங்கை வெயிலில் நிற்பதை ஒரு கணம் மனக்கண்ணில் பார்த்தாள். பார்த்தபோது உள்ளே ஏதோ ஒன்று காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டது. நிற்கட்டுமே, நான் நிற்கவில்லையா, அந்த வாசலில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில்?

கமிட்டி தீர்மானம் போட்டது. இருபது பேர் ஒன்பது பேரானார்கள். மற்றவர்களுக்கு வேறு சபைகள் இருந்தன.

முதல் ஞாயிறு அவள் சபைக்கு வந்தபோது ஒன்பது பேரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். காலைவெயில் தூண்களுக்கு இடையில் புகுந்து நேராக அவர்கள் மேல் விழுந்தது. உள்ளே போகிறவர்களிடம், "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும் என்பது மூப்பரின் உத்தரவு. சொன்னார்கள். கேட்டவர்கள்தான் தவித்துப்போனார்கள். ஒருவர் "சரி சரி" என்றார். ஒருவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஒரு அம்மாள், "ஐயோ, நீங்களும் எனக்காகப் பண்ணுங்க, எனக்குச் சர்க்கரை" என்று சொல்லிவிட்டு நுழைந்தாள்.

தங்கை வரிசையின் கடைசியில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. ஒரு முழங்கால் வீங்கி, அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். அக்கா எதிரே வந்து நின்றதும், சொல்ல வேண்டியதை அவள் சொல்லவில்லை.

"இளைச்சுப் போயிட்டியே," என்றாள்.

அக்கா, "ம்" என்றாள். உள்ளே போனாள். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றியது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் திறந்திருந்த கதவு மட்டும் ஒன்றரை மணி நேரமும் முதுகிலேயே இருந்தது.

மறுநாள் வேலையில் விரிப்பின் ஓரம் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. கூட நின்றவள், "என்னக்கா, தூக்கமா?" என்று கேட்டாள். தூக்கமில்லை. அந்தப் புதன்கிழமை சொல்லாமல் விட்ட மிச்சக் கதை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதே காலத்தில், இன்னொரு உபத்திரவம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டபோது, தவணை முடியக் காத்திருக்காமல் மனந்திரும்பினவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக்கொண்ட ஆயர்கள் இருந்தார்கள். தனியாக நின்று தாங்க முடியாது, சேர்ந்து நின்றால் தாங்கலாம் என்றார்கள். சாகக் கிடப்பவன் கேட்டால் எந்தப் படியும் பார்க்காமல் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்று முறுக்கிக்கொண்டு நின்ற கட்சி, போகப் போகத் தானே தனியாகிப்போனது. இவ்வளவும் அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை சொன்னாள். ஆனால் அன்று பிடித்த மழைக்கு வகுப்பில் ஐந்து பேர்கூட இல்லை. மூப்பர் இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, போன வாரம் ஒண்ணு சொன்னீங்க, இந்த வாரம் ஒண்ணு சொல்றீங்க. ஆதித் திருச்சபை என்ன வாரா வாரம் மாறுமா?"

"மாறல. நான் போன வாரம் பாதியில நிறுத்திட்டேன்."

"எங்களுக்கு அந்தப் பாதி போதும்," என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் போதகரிடம் போனாள். அவர் மழைச்சாரலுக்கு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமே."

"கமிட்டி முடிவாச்சேக்கா," என்றார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம், வீட்டில் கைக்குழந்தை. "நான் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. இதுக்கு முன்னாடி இருந்த சபையில கம்பளம் மாத்தினதுக்கே என்னை மாத்திட்டாங்க. ஒரு மாசம்தானே, ஓடிடும்."

ஒரு மாதம் ஓடவில்லை, நொண்டியது. இரண்டாவது ஞாயிறு ஏழு பேர்தான் வந்தார்கள். அன்று கோயில்பிள்ளை ஒரு காரியம் செய்தார். கோயில்பிள்ளை என்றால் மணி அடிப்பவர், கதவு திறப்பவர், தரை துடைப்பவர். எதிலும் வாய் திறக்காத மனிதர். அவர் பின்கட்டிலிருந்து நீளமான பெஞ்சு ஒன்றை இழுத்து வந்து வராந்தாவில் போட்டார். மூப்பர் விரைந்து வந்தார்.

"பெஞ்சு எதுக்கு?"

"நிக்க முடியலீங்க."

"அவங்க நிக்கத்தான் வந்திருக்காங்க."

"அவங்க நிப்பாங்க. என்னாலதான் பாத்துட்டு நிக்க முடியல," என்றார் கோயில்பிள்ளை. சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். மூப்பர் பெஞ்சைப் பார்த்தார். தனியாகத் தூக்க முடியாத பெஞ்சு. தூக்க உதவிக்கு ஆள் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு நடந்ததைப் பிற்பாடு சபையில் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். படிப்பக்கா எதிர்ப்புத் தெரிவித்தாள் என்றார்கள். முன்கூட்டியே திட்டம் போட்டு வந்தாள் என்றார்கள். ஒன்றும் இல்லை. அந்த வாரம் சலவைக்கூடத்தில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட, இவளுக்கு விடுப்பே இல்லை. ஞாயிறு காலையில் முதல் ஷிப்டில் பாதியைச் செய்துவிட்டு, தாமதமாக, காலை இழுத்துக்கொண்டு படியேறினாள். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவளுடைய நாற்காலி முன்னால், மூன்றாவது வரிசையில். அதுவரை நடக்க வேண்டும். வராந்தாவில் பெஞ்சு இருந்தது. தங்கைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

தங்கை கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். உள்ளே ஜெபம் நடந்தது, வாசிப்பு நடந்தது. இரண்டு பேரும் எதிரே நிறுத்தியிருந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கால் வீங்கியிருக்கு," என்றாள் அக்கா.

"உனக்கும்தான்."

"எனக்கு நின்னு நின்னு. உனக்கு என்ன?"

"அவரைத் தூக்கித் தூக்கி," என்றாள் தங்கை. "ஆறடி ஆளு. கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள எனக்கு உசிரு போய் வருது. பேசவும் வராது. ஏதோ கேப்பாரு, எனக்குப் புரியாது, கோவத்துல தட்டைத் தள்ளிவிடுவாரு. ஊருக்கே மைக் கட்டின மனுஷன்."

அக்கா, கணவர் போனதிலிருந்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். கோபமாகக் கேட்க வேண்டும் என்று பல முறை ஒத்திகை பார்த்திருந்தாள். இப்போது அது, மணி என்ன என்று கேட்பது போலத்தான் வந்தது.

"அத்தான் செத்தப்ப ஏன் வரல?"

வர முடியாமல் போய்விட்டது, அவர் விடவில்லை, தெருமுனை வரை வந்தேன், திரும்பிவிட்டேன் — இப்படி ஏதோ ஒன்றைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படிச் சொன்னால் நம்பக் கூடாது என்றும் முடிவு செய்து வைத்திருந்தாள்.

தங்கை சொன்னாள்: "வரணும்னு தோணலக்கா. அப்ப அவ்வளவு வன்மம். உங்க வீட்டுல நல்லா அழட்டும்னு நெனச்சேன். நெனச்சுட்டு அன்னைக்குப் பூரா துணி தொவச்சேன். அழுக்கே இல்லாத துணியெல்லாம் எடுத்துப் போட்டுத் தொவச்சேன்."

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். பொய் சொல்லியிருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பாள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலித்தது, ஆனால் முள்ளை எடுக்கும்போது வலிக்கிற வலி.

"நீ வெயில்ல நிக்கறதப் பாக்கணும்னு எனக்கும் இருந்துச்சு," என்றாள். "அந்தப் படிகளச் சொன்னதே நாந்தான்."

"தெரியும். மூப்பர் ஊரெல்லாம் சொல்லிட்டாரு, படிப்பக்கா கண்டுபிடிச்சதுன்னு." தங்கை லேசாகச் சிரித்தாள். "சின்ன வயசுல இருந்தே நீ படிச்சா எனக்குத்தான் அடி விழும்."

இரண்டு பேரும் சிரித்தது உள்ளே கேட்டிருக்க வேண்டும். பிரசங்கம் ஒரு நொடி நின்று தொடர்ந்தது.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். அக்கா வந்து வராந்தாவிலேயே உட்கார்ந்தாள். சர்க்கரை அம்மாளும், உள்ளே காற்றில்லை என்று சொல்லிக்கொண்டு, வெளியே வந்து அமர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பெஞ்சு நிறைந்துபோய், கோயில்பிள்ளை யாரும் சொல்லாமலே நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். இவர்கள் எல்லாம் நியாயத்துக்காக வந்தார்கள் என்று சொல்ல முடியாது. வராந்தாவில் காற்று வந்தது உண்மைதான். ஒரு மாதமாக அந்த வாசலைத் தலை குனிந்து கடந்து கடந்து பலருக்கும் அலுத்துவிட்டது என்பதும் உண்மை.

திருவிருந்து நேரம் வந்தபோது போதகர் அப்பத் தட்டோடு எழுந்து நின்று சபையைப் பார்த்தார். உள்ளே பாதி, வெளியே பாதி. பிறகு நடு வழியாக நடந்து, கதவைத் தாண்டி, வராந்தாவுக்கு வந்தார். கமிட்டி தீர்மானத்தை அவர் ரத்து செய்யவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பெஞ்சின் ஒரு கோடியிலிருந்து கொடுக்கத் தொடங்கினார். யாரும் யார் எந்தப் படி என்று கேட்கவில்லை. திராட்சரசம் சின்னக் கோப்பைகளில்தான் வந்தது. ஒரே பாத்திரத்துக்காக வெளியே போன ஏழு பேரும் சின்னக் கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டு, காலிக் கோப்பையைத் தட்டில் திருப்பி வைத்தார்கள்.

மூப்பர் மட்டும் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வெறும் நாற்காலிகள். போதகர் திரும்பி வந்து அவருக்கும் நீட்டினார். கடைசி ஆளாக வாங்கிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் இருந்ததா என்று எட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் கொட்டாவி விட்டார். அவருக்கும் எழுபது ஆகிறது. ஒரு மாதமாக ஒற்றை ஆளாக ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதென்றால் யாருக்கும் அசதியாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு, திரும்பி வந்தவர்களும் உள்ளே உட்கார்ந்தார்கள். எப்போதிலிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. மூப்பர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் அவரிடமும் கேட்கவில்லை. தங்கை கடைசி வரிசையில் உட்காருவாள், முன்னால் கூப்பிட்டாலும் வரமாட்டாள். முழங்காலை நீட்ட இடம் வேண்டும் என்பாள். அக்கா தன் மூன்றாவது வரிசையை விட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்து தங்கை வீட்டுக்குப் போவாள். தங்கை புருஷனைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் இருந்தால் சுலபம். அவர் இவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். "கோவமில்ல, வெக்கம்" என்பாள் தங்கை. எதுவாக இருந்தாலும் கனம் ஒன்றுதான்.

புதன்கிழமை வகுப்புக்கு அடுத்த தலைப்பு என்ன என்று போதகர் கேட்டபோது, "கொஞ்ச நாள் வேற யாராவது எடுக்கட்டும்யா. நான் கேக்கறேன்," என்றாள். படிப்பை விடவில்லை. ஆனால் இப்போது ஒரு பத்தியைப் படித்தால், அதில் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கமே கண் போனது. அவர்களுக்கு முழங்கால் வலித்ததா, வீட்டில் யார் படுத்துக்கிடந்தார்கள், யாராவது அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அக்காவும் தங்கையும் பஸ்ஸுக்கு நின்றார்கள். வெகுநேரமாகப் பஸ் இல்லை. மூப்பர் தன் ஸ்கூட்டரில் அந்த வழியாக வந்தார். தாண்டிப் போனார். பத்தடி போய் நிறுத்தி, திரும்பாமலே கண்ணாடியில் பார்த்தபடி சத்தமாகச் சொன்னார்:

"இன்னைக்கு இந்தப் பக்கம் பஸ் வராது. பைப்புக்கு ரோட்டை வெட்டியிருக்காங்க. மெயின் ரோட்டுக்குப் போகணும்."

திரும்பி வந்த நாளிலிருந்து தங்கையைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அவளைப் பார்த்துத்தான் பேசினாரா, பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் பேசினாரா என்பது வேறு விஷயம். "சரிங்க" என்றாள் தங்கை. ஸ்கூட்டர் போய்விட்டது.

"மெயின் ரோடு தூரமாச்சேடீ," என்றாள் அக்கா.

"மெதுவா போலாம்."

"உன் கால்?"

"உன் கால் மட்டும் என்ன வாழுதாம்?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாத்திக் கிடந்த கடைகளின் ஓரம் பிடித்து, நிழல் கிடைத்த இடத்தில் நின்று நின்று, இரண்டு பேரும் நடந்தார்கள்.